அணையாத விளக்குகளின் கணக்கு

இருட்டறை மேசையில் ஆறு கண்ணாடிக் குப்பிகள். ஆறிலும் ஒரே சோப்புக் கரைசல், ஒரே சாயம், ஒரே அளவு. நீல ஒளியைப் பாய்ச்சினால் முதல் குப்பி கனிந்த தணல்போல ஆரஞ்சுச் சிவப்பில் ஒளிர்கிறது. இரண்டாவது கொஞ்சம் மங்கல். மூன்றாவது இன்னும் மங்கல். விடிகாலையில் அடுப்புச் சாம்பலைக் கிளறினால் உள்ளே ஒரு சிவப்பு தெரியுமே, ஆறாவதில் மிச்சம் அந்த அளவுதான். ஒவ்வொரு குப்பியிலும் இன்னொரு பொருள், முந்தைய குப்பியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கலந்திருக்கிறது; வேறு வித்தியாசம் கிடையாது. பகல் வெளிச்சத்தில் ஆறும் ஒன்றுபோல வெளிர்மஞ்சள் தண்ணீர்.

இந்த மங்கலை அளந்து, ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போட்டால், அந்தத் தண்ணீரில் மிதக்கும் சோப்பு உருண்டை ஒவ்வொன்றிலும் சராசரியாக எத்தனை மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 60. உருண்டையின் குறுக்களவோ மில்லிமீட்டரில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத அளவு அது. இதில் நுண்ணோக்கியே கிடையாது. கடிகாரமும் கிடையாது. வெளிச்சம் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பதோடு சரி.

பள்ளித் தமிழ்த் தேர்வில் ஒரு பாடலைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்பார்கள். எதுகை, மோனை, அணி, சந்தம் என்று தலைப்புப் போட்டு நிரப்பி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நம்மில் பலர். அந்த வினாவை இந்தச் சோதனையின் முன்னால் வைத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் டூரோவும் அகமது யெக்தாவும் 1978-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் இதை எழுதினார்கள். மொத்தம் இரண்டே பக்கம். அதில் ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க நினைத்தால் கை தயங்கும். நல்ல வெண்பாவில் ஒரு சீரை மாற்றப் பார்ப்பவனின் தயக்கம் அது.

முதலில் சோப்பு. சோடியம் டோடெசில் சல்பேட் என்பது பெயர். பற்பசையின் நுரையும் பல ஷாம்புகளின் நுரையும் இதன் உறவுதான். வெள்ளைத் தூள். எடை போடும்போது மூக்கை மூடிக்கொள்ளாவிட்டால் தும்மித் தீர்க்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு கார்பன் நீளத்துக்கு எண்ணெய்க் குணமுள்ள வால். நுனியில் எதிர்மின்னூட்டம் தாங்கிய சல்பேட் தலை. தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு லிட்டரில் 2.3 கிராம் வரை, அதாவது 8 மில்லிமோல் வரை, மூலக்கூறுகள் தனித்தனியாகவே சமாளித்துக்கொள்கின்றன. அதைத் தாண்டியதும் கூட்டம் சேர்கிறது. வால்களெல்லாம் உள்ளே, தலைகளெல்லாம் வெளியே. அந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். லத்தீனில் சிறு துணுக்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 8 மில்லிமோலைத் தாண்டிய பிறகு எவ்வளவு சோப்பைக் கொட்டினாலும் தனியாகத் திரிபவற்றின் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. புதிதாக வருபவை எல்லாம் உருண்டைக்குள்தான். ஆகவே உருண்டைகளில் குடியிருக்கும் சோப்பு எவ்வளவு என்பதற்கு மொத்தத்திலிருந்து 8-ஐக் கழித்தால் போதும். மேலே சொன்ன கழித்தல் இதுதான்.

பாடப்புத்தகப் படத்தில் மிசெல் கடம்பம்பூ மாதிரி இருக்கும். நடுவிலிருந்து ஒரே நீளத்தில் குத்திட்டு நிற்கும் இழைகள், நுனியில் வரிசையாகப் பொட்டுகள். அழகான படம், ஆனால் ரொம்பவும் ஒழுங்கானது. உண்மையில் வால்கள் வளைந்தும் மடங்கியும் கிடக்கின்றன, தலைகள் மேடுபள்ளமாக நிற்கின்றன, இடுக்குகளில் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. சோப்பு இப்படிக் கூட்டம் சேரும் என்று மெக்பெயின் என்பவர் லண்டன் கூட்டமொன்றில் முதன்முதலில் சொன்னபோது, தலைமை வகித்தவர் பிதற்றல் என்று ஒரே சொல்லில் உட்காரவைத்துவிட்டாராம். வேதியியலாளர்கள் இன்றும் ருசித்துச் சொல்லும் கதை. 1936-இல் ஹார்ட்லி என்பவர் அந்தக் கூட்டத்துக்கு உருண்டை வடிவம் கொடுத்தார். அதன்பின் கேள்வி எண்ணிக்கைக்கு வந்து நின்றது. ஒளிச்சிதறலை வைத்து எண்ணும் வழி இருந்தது. ஒரு தூசி விழுந்தாலும் கணக்குக் கெடும் வழி அது. அதை விட்டுவிடுவோம்.

கல்யாணப் பந்தியில் மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது தெரியும். எத்தனை பந்தி போட்டார்கள் என்பதும் தெரிந்தால், பந்திக்கு எத்தனை பேர் என்பது தானே வந்துவிடும். சோப்பு எவ்வளவு போட்டோம் என்பது தராசுக்குத் தெரியும். உருண்டைகள் எத்தனை என்பதுதான் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுவது? டூரோவும் யெக்தாவும் அங்கங்கே விளக்கேற்றி வைத்துவிட்டு, விருந்தாளிகளை அனுப்பினார்கள்.

விளக்கு: ஒரு ருத்தேனியம் அயனியை மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் சூழ்ந்த அணைவுச் சேர்மம். நீல ஒளியை விழுங்கிச் சிவப்பாகத் திருப்பித் தரும். அதன்மேல் இரண்டு நேர்மின்னூட்டம். உருண்டையின் வெளிப்புறமெல்லாம் எதிர்மின்னூட்டத் தலைகள். பிடித்து ஒட்டவைக்கும் வேலை எதுவும் வேண்டாம். தானாகப் போய் உருண்டையின் புறத்தில் அமர்ந்துகொள்ளும். தண்ணீரில் கரையும் பொருளாதலால் எண்ணெய் நடுவுக்குள் போகாது. கிராமத்து வீட்டில் திண்ணையில் வைத்த விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் விளக்கு வேண்டும் என்பதில்லை. பத்து வீட்டில் ஒன்றுக்கு இருந்தாலும் போதும், ஐம்பதில் ஒன்றுக்கு இருந்தாலும் போதும். சிலவற்றுக்கு மட்டும் இருப்பதுதான் நல்லது. ஒரே திண்ணையில் இரண்டு விளக்கு வந்துவிடக் கூடாது.

விருந்தாளி: 9-மெத்தில் ஆந்த்ரசீன். மூன்று பென்சீன் வளையம் ஒட்டிய தட்டையான மூலக்கூறு, முதுகில் ஒரு மெத்தில் தொகுதி. தண்ணீரென்றால் ஆகாது. உருண்டையின் எண்ணெய் நடுவைக் கண்டதும் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தால் லேசில் வெளியே வராது. விளக்கு திண்ணையில், விருந்தாளி கூடத்தில். வீடோ மிகச் சிறியது. எண்ணெய் நடுவின் ஆரம் 1.7 நானோமீட்டர்தான். அத்தனை சிறிய இடத்துக்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலும், செறிவுக் கணக்கில் அது லிட்டருக்கு 0.08 மோலுக்குச் சமம். குப்பி முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்தப் பொருள் அதில் நூறில் ஒரு பங்கு செறிவில்கூட இருக்காது. உள்ளே வந்துவிட்ட விருந்தாளி விளக்கோடு முட்டாமல் இருக்கவே முடியாது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. முட்டியதும் விளக்கு அணைகிறது.

விளக்கை அணைப்பதும் குழந்தையை அணைப்பதும் தமிழில் ஒரே வினைச்சொல். அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு பொருளையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஒளிர்வை மட்டுப்படுத்தும் பொருளைப் பாடநூல் மொழியில் தணிப்பான் என்று எழுதலாம், அணைப்பான் என்றும் எழுதலாம். நான் அணைப்பான் கட்சி. ஏனென்றால் இங்கே இரண்டு பொருளும் ஒரே நிகழ்ச்சி. கிளர்ச்சியுற்ற ருத்தேனியம் தன் ஆற்றலை ஆந்த்ரசீனுக்குக் கொடுக்க வேண்டுமானால் இரண்டின் எலக்ட்ரான் மேகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படர வேண்டும். எட்ட நின்று கொடுக்க முடியாத வகை ஆற்றல் அது. அணைத்தால்தான் அணையும். இரட்டுற மொழிதலில் ஊறிய காளமேகம் இந்தச் சோதனையைப் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

அணைத்துக்கொண்ட ஆந்த்ரசீன் அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? நம் கண்ணுக்கும் கருவிக்கும் படும்படி எதுவும் செய்வதில்லை. வாங்கியது மும்மை நிலை ஆற்றல். அறை வெப்பத்தில் அதை ஒளியாக விடும் பழக்கம் ஆந்த்ரசீனுக்கு இல்லை. சத்தமில்லாமல் வெப்பமாகக் கரைத்துவிடுகிறது. அது மட்டும் தன் பங்குக்கு ஒளிர ஆரம்பித்திருந்தால், அணைந்த விளக்கின் இடத்தில் வேறு வெளிச்சம் வந்து கணக்கைக் கெடுத்திருக்கும்.

தேர்வின் நயம் இதோடு முடியவில்லை. ருத்தேனியத்துக்கு ஊட்டும் ஒளி நீலம், அலைநீளம் 450 நானோமீட்டர் அளவில். ஆந்த்ரசீன் விழுங்குவதோ புறஊதாவை. நீலம் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். இது சின்ன விஷயமாகப் படலாம். ஆனால் அணைப்பானே விளக்குக்கு வரவேண்டிய ஒளியை வழியில் பறித்துக்கொண்டால், விளக்கு மங்கியது அணைப்பாலா பட்டினியாலா என்று பிரித்தறிய முடியாது. ஒளிர்வு அளக்கும் ஆய்வகங்களில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வரைபடம் அழகாக வளையும், மனம் குதிக்கும். கடைசியில் அளந்தது வெறும் நிழலை. டூரோவும் யெக்தாவும் அந்த வாசலை முதலிலேயே அடைத்துவிட்டார்கள்.

கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் இங்கே கை தூக்கலாம். ஒளி பட்டவுடன் ஒளிர்ந்து உடனே நிற்பது உடனொளிர்தல். ஒளியை நிறுத்திய பிறகும் தயங்கி ஒளிர்வது நின்றொளிர்தல். மும்மை நிலையிலிருந்து வரும் ருத்தேனியத்தின் சிவப்பு இலக்கணப்படி இரண்டாவது சாதி. கட்டுரை எழுதியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. தலைப்பில் இரண்டுக்கும் பொதுவான சொல்லையே போட்டார்கள். அந்தத் தயக்கம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றாலும், இந்த வேலைக்கு அது பெரிய வரம். விளக்கு கொஞ்சம் நின்று எரிந்தால்தானே கூடத்தில் இருப்பவர் திண்ணைக்கு வந்து சேர அவகாசம் கிடைக்கும்.

இனிக் கணக்கு. நூறு வீட்டுக்கு நூறு விருந்தாளிகளை அனுப்பினால் எத்தனை வீட்டில் விளக்கு அணையும்? ஆளுக்கொரு வீடு என்று முன்கூட்டிப் பேசிவைத்து வந்திருந்தால் நூறும் இருண்டுவிடும். மூலக்கூறுகள் பேசிவைத்துக்கொண்டு வருவதில்லை. கால்போன போக்கில் நுழைகின்றன. நுழைந்து கணக்கெடுத்தால் ஏறத்தாழ 37 வீட்டுக்கு யாருமே வந்திருக்கமாட்டார்கள். இன்னொரு 37 வீட்டில் ஒருவர். 18 வீட்டில் இருவர். 6 வீட்டில் மூவர். மிச்சம் இரண்டு வீட்டில் நாலோ ஐந்தோ பேர் நெருக்கியடித்துக்கொண்டு. பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837-இல் எழுதிய பங்கீடு இது.

இந்தப் பங்கீட்டைப் புகழுக்குக் கொண்டுவந்தவை குதிரைகள். 1898-இல் போர்ட்கேவிச் என்பவர் பிரஷ்யக் குதிரைப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை எடுத்துப் போட்டார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு. ஆகப் பிரிவும் ஆண்டுமாக 200 கட்டங்கள். மொத்தச் சாவு 122. கட்டத்துக்குச் சராசரி 0.61. ஒரு சாவும் நேராத கட்டங்கள் 109. புவாசோன் சூத்திரம் தரும் எண் 108.7. ஒரு சாவு நேர்ந்தவை 65, சூத்திரம் சொல்வது 66. குதிரைகள் சூத்திரம் படித்தவை போல உதைத்திருக்கின்றன. படைவீரர்களின் சாவுக் கணக்கில் இப்படியொரு அழகைக் காண்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கணக்கு அதே கணக்கு. சோப்பு உருண்டை ஒவ்வொன்றுக்கும் சராசரி 0.61 அணைப்பான் என்று கலந்தால், 200 விளக்கில் 109 எரிந்துகொண்டிருக்கும்.

இந்தச் சோதனையின் உயிர் எனக்கு இங்கேதான் தெரிகிறது. இரண்டு விருந்தாளி போன வீடும் இருட்டு, ஐந்து பேர் போன வீடும் இருட்டு. இருட்டுக்குள் எத்தனை பேர் என்று பார்க்க வழியில்லை, பார்க்கவும் தேவையில்லை. ஒருவரும் வராத வீடு மட்டும் வெளிச்சமாக நின்று தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. புவாசோன் பங்கீட்டின் உறுப்புகளிலேயே மிக எளியது அந்தப் பூச்சிய உறுப்புதான்: 2.718 என்னும் எண்ணைச் சராசரித் தடவை தன்னோடு பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் தீர்ந்தது. மிச்ச வெளிச்சம் 61 விழுக்காடு என்றால் வீட்டுக்குச் சராசரி அரை விருந்தாளி. 37 என்றால் ஒருவர். 13.5 என்றால் இருவர். அனுப்பிய விருந்தாளிகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும், எடைபோட்டு அனுப்பியதே நாம்தான். அதைச் சராசரியால் வகுத்தால் வீடுகளின் எண்ணிக்கை.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். சோப்பு லிட்டருக்கு 50 மில்லிமோல். தனியாகத் திரியும் 8-ஐக் கழித்தால் 42. அணைப்பானைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறோம், 0.7 மில்லிமோல் வந்தபோது வெளிச்சம் சரியாக 37 விழுக்காட்டில் நிற்கிறது. அப்படியானால் உருண்டைகளும் 0.7 மில்லிமோல். 42-ஐ 0.7-ஆல் வகுத்தால் 60. இதே கரைசலில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் நாலாயிரத்து இருநூறு கோடிக் கோடிக்கும் மேல் என்று வாயில் நுழையாமல் சொல்ல வேண்டாம். 4-ஐ எழுதிப் பின்னால் பதினேழு பூச்சியம் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்றே அதிகமான உருண்டைகள். அத்தனை வீட்டையும் ஒன்றுவிடாமல் எண்ணியாயிற்று, ஒரு வீட்டின் கதவையும் தட்டாமல்.

வெறும் தண்ணீரில் நடக்கும் அணைப்போடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெரியும். கொயினா கலந்த டானிக் பானத்தைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். உடனொளிர்தலுக்கு ஆங்கிலப் பெயர் வைத்த கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ் 1852-இல் நெடுங்கட்டுரை எழுதியது இந்தக் கொயினா நீலத்தையும் அதன் உறவுகளையும் பற்றித்தான். அதில் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினால் குளோரைடு அயனிகள் முட்டி முட்டி நீலத்தை மங்கவைக்கும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், குழந்தைகள் கை தட்டும். ஆனால் அங்கே வீடும் இல்லை, சுவரும் இல்லை. திறந்த மைதானத்தில் யாரும் யார்மேலும் மோதலாம். அதற்கான விதியை 1919-இல் ஸ்டெர்னும் வோல்மரும் எழுதினார்கள்: தொடக்க ஒளியை மிச்ச ஒளியால் வகுத்து, அணைப்பானின் அளவுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு. மிசெலில் அப்படி வரைந்தால் கோடு மேல்நோக்கி வளைந்துவிடும்; மடக்கை எடுத்தால்தான் நேராகும். மைதானத்தில் நடந்ததா, சுவருக்குள் நடந்ததா என்பதைக் கோட்டின் வளைவே சொல்லிவிடுகிறது.

விளக்கு அணைந்த வேகத்தையும் பார்க்க விரும்பியவர்கள் டூரோ, யெக்தா கட்டுரைக்கு நான்கு ஆண்டு முன்பே இருந்தார்கள். இன்ஃபெல்டா, கிரெட்செல், தாமஸ் மூவரும் 1974-இல் பைரீன் என்ற மூலக்கூறை மிசெலுக்குள் வைத்து, ஒளித்துடிப்பால் தூண்டி, வெளிச்சம் தேயும் விதத்தை நானோநொடிக் கணக்கில் பதிந்தார்கள். மறு ஆண்டு ஜப்பானின் தச்சியா அதன் கணிதத்தைச் செம்மை செய்தார். அந்தத் தேய்வுக் கோட்டை நான் கண்கொட்டாமல் பார்த்திருந்த மாலைகள் உண்டு. தொடக்கத்தில் சரேலென்று ஒரு சறுக்கல். பிறகு மனசு மாறியதுபோல் நிதானித்து, நீண்ட நேர்சரிவாக இறங்கும். சறுக்கலில் விழுந்தவை விருந்தாளி வந்த வீட்டு விளக்குகள். நிதானமாக இறங்குபவை யாரும் வராத வீட்டு விளக்குகள். அவை தங்கள் ஆயுள் முடிந்து இயல்பாக அணைகின்றன. அணைப்பானே கலக்காத கரைசலின் கோட்டைப் பக்கத்தில் வரைந்தால், இந்த வால்பகுதி அதற்கு அச்சாக இணையாக ஓடும். பக்கத்து வீட்டில் நடந்த இருட்டடிப்பு இந்த விளக்குகளின் ஆயுளை இம்மியும் குறைக்கவில்லை என்பதை அந்த இரண்டு இணைகோடுகளும் வாயைத் திறக்காமல் சொல்கின்றன.

இது நடக்க இன்னொன்றும் கைகொடுக்க வேண்டும். மிசெல் கல்வீடு அல்ல. தனித்தனிச் சோப்பு மூலக்கூறுகள் மைக்ரோநொடிக் கணக்கில் வெளியேறியும் நுழைந்தும் கொண்டிருக்கும்; முழு உருண்டையே கலைந்து வேறாகக் கட்டப்பட மில்லிநொடிகளோ அதற்கு மேலோ ஆகும். நமக்கு அவை கண்ணிமைக்கும் நேரம். நானோநொடிகளில் வாழும் விளக்குக்கோ, தன் ஆயுளுக்குள் வீடு ஆடாமல் அசையாமல் நிற்கிறது. தூண் நகர்வதற்குள் விளக்கின் கதை முடிந்துவிடும்.

பைரீன் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1977-இல் அமெரிக்காவின் நோட்ர டேம் கதிர்வீச்சு ஆய்வகத்திலிருந்து கல்யாணசுந்தரமும் தாமஸும் எழுதிய கட்டுரை மிசெல் உலகில் இன்றும் கைவிளக்கு. பைரீனின் ஒளிர்வு நிறமாலையில் ஐந்து சிறு சிகரங்கள் உண்டு. முதல் சிகரத்தை மூன்றாவதால் வகுத்தால், பைரீன் எந்த மாதிரி இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தண்ணீரில் அந்த விகிதம் 1.8-ஐ ஒட்டி. ஹெக்சேன் போன்ற எண்ணெய்க் குணமுள்ள திரவத்தில் 0.6 அளவு. நம் சோப்பு உருண்டைக்குள் 1.1, 1.2 என்று இரண்டுக்கும் இடையில். எண்ணெயை அவ்வளவு விரும்பும் பைரீன்கூடக் கூடத்தின் நடுவில் உட்காராமல் ரேழியில்தான் சாய்ந்திருக்கிறது போலும்! எண்ணுவதற்கு ஏற்றிய விளக்கு, தான் நிற்கும் இடத்தின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தக் கல்யாணசுந்தரத்தைத் தமிழ் வாசகர்கள் வேறு வாசல் வழியாக அறிவார்கள். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்துகொண்டு, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். நள்ளிரவில் ஒரு சங்கப் பாடலைத் தேடி இணையத்தில் அந்தப் பக்கங்களைத் திறந்தவர்களில் எத்தனை பேருக்கு பைரீனின் சிகரங்கள் தெரிந்திருக்கும்? பைரீனின் சிகரங்களை மேற்கோள் காட்டும் வேதியியலாளர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்? இரண்டு வீட்டிலும் எரிவது ஒரே கை ஏற்றிய விளக்கு.

குறைகளையும் சொல்லாவிட்டால் பாராட்டு முகஸ்துதியாகிவிடும். இந்தக் கணக்கு சிறிய உருண்டைகளுக்குத்தான் சரிப்படும். சில சோப்புகளில் உப்பைக் கூட்டினால் உருண்டை நீண்டு கம்பியாகிவிடும். அவ்வளவு நீண்ட வீட்டில் விருந்தாளி ஒரு கோடியிலும் விளக்கு மறு கோடியிலும் இருந்தால், விளக்கின் ஆயுளுக்குள் சந்திக்காமலே போகலாம். அணைந்திருக்க வேண்டிய விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; ஆள் கணக்கு உள்ளதைவிடக் குறைவாக வரும். ஆக்சிஜன் இன்னொரு தொல்லை. அழையாத விருந்தாளி, காற்றுப் பட்ட எந்தத் தண்ணீரிலும் கரைந்திருக்கும், தானும் ஓர் அணைப்பான். அதை விரட்ட நைட்ரஜனைக் குமிழிடுவது வழக்கம். சோப்புக் கரைசலில் குமிழிட்டால் என்ன ஆகும் என்று துணி துவைத்த எவரும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை. நுரை குப்பியின் கழுத்தைத் தாண்டி, குழாய்க்குள் ஏறி, மேசையில் வழிந்தபிறகுதான் குமிழிடாமல் மேற்பரப்பில் வாயுவைத் தடவிவிடும் வித்தையைக் கற்றேன். இன்னொரு நாள் உப்புச் சேர்க்க வேண்டியிருந்தது. சோடியம் குளோரைடுக்குப் பக்கத்துப் புட்டியிலிருந்த பொட்டாசியம் குளோரைடை எடுத்துப் போட்டுவிட்டேன். தெளிந்த கரைசல் நொடியில் பால்போலத் திரிந்தது. இதே சோப்பின் பொட்டாசிய வடிவம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு வரிசை தள்ளியிருக்கும் தனிமம், மொத்த ஊரும் வண்டலாகிவிட்டது.

குளிரும் இந்த ஊருக்கு ஆகாது. சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் உருண்டைகள் நிலைக்காமல் சோப்பு படிகமாகப் பிரியும். குளிரூட்டி இரவெல்லாம் ஓடிய ஒரு காலையில் வந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை தெளிவாக இருந்த குப்பிக்குள் மெல்லிய ஊசிகள் கோத்துக்கொண்டு, கண்ணாடியில் பனி பூத்ததுபோல் நின்றன. அளக்கும் செல் என்றால் விரல்பட்ட இடமே பொய் ஒளி காட்டும், தொடக்கூடாது. இது சேமித்து வைத்த குப்பிதான், தொடலாம். ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு அதை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தேன். சில நிமிடங்களில் ஓரத்து ஊசிகள் வழுக்கத் தொடங்கின, பிறகு நடுவிலிருந்தவை. கடைசி ஊசியும் கரைந்ததும் இருட்டறைக்குப் போய் நீல விளக்கைப் போட்டேன். சிவப்பு வந்தது.